நான்கு விநாடி

அக்டோபர் 1, புதன். ஆயுத பூசை

காலையிலேயே கம்பெனியில் பூசை முடிந்துவிட்டது. கம்பெனி என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு கூடம், வெல்லப்பாகு காய்ச்ச இரண்டு அடுப்பு, வேலைக்கு நான்கு பெண்கள். கோவில்பட்டியில் தடுக்கி விழுந்தால் கடலை மிட்டாய்க் கம்பெனியில்தான் விழ வேண்டும், அதில் எங்களுடையதும் ஒன்று. என் வீட்டுக்காரர் சுடலைமணி கல்லில் சந்தனம் அரைத்து வாணலி, தராசு, பாக்கெட் ஒட்டும் மெசின் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தார். மிச்சச் சந்தனத்தைக் கிண்ணத்தோடு என்னிடம் நீட்டினார்.

"ஒன் ஆயுதத்துக்கு வேண்டாமா வல்லி?"

என் ஆயுதம் மாடியறையில் இருக்கிறது. கம்ப்யூட்டர். அதிலும் குறிப்பாக அதற்குள் இருக்கிற கிராபிக்ஸ் கார்டு. மற்ற பெண்கள் சீரியல் பார்க்கும் நேரத்தில் நான் ஐந்து பேருக்கு ஐந்து பேர் சுட்டுக்கொள்ளும் விளையாட்டு ஆடுகிறேன். ஆடுவது மட்டுமில்லை, ஒரு அணிக்குத் தலைவி. பதினெட்டாம் தேதி எங்கள் 'கரிசல் கேமர்ஸ்' வாட்ஸ்அப் குரூப்பின் கோப்பைக்கு இறுதி ஆட்டம். எதிரணித் தலைவன் கோமதிநாயகம்.

அவன் பெயரை எழுதும்போதே பேனா அழுந்துகிறது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் நான் அவன் அணியில்தான் இருந்தேன். திருநெல்வேலியில் ஒரு கல்யாண மண்டபத்தில் இறுதி ஆட்டம், கடைசிச் சுற்று. என் திரை நான்கு விநாடி உறைந்து நின்றது. அந்த நான்கு விநாடியில் என்னைச் சுட்டுவிட்டார்கள், தோற்றோம். "மெசின் நின்னுபோச்சுண்ணே" என்று நான் கத்திக்கொண்டு எழுந்தேன். மைக் அவன் கையில் இருந்தது. அவன் அதில், மண்டபம் முழுக்கக் கேட்கும்படி, "மெசினுல ஒண்ணுமில்ல. இவளுக்குக் கை நடுங்கிருச்சு" என்றான். மண்டபமே சிரித்தது. மறுநாள் அணியிலிருந்தும் தூக்கிவிட்டான். நடுங்குகிற ஒரு கையைப் படமாக வரைந்து எவனோ ஸ்டிக்கர் ஆக்கினான். இரண்டு வருடமாக நான் எது எழுதினாலும் குரூப்பில் அந்தக் கை வந்து நிற்கும்.

ஆகவே இன்று சும்மா பொட்டு வைக்க மனமில்லை. கேபினட்டின் கண்ணாடியைத் திறந்து, கார்டையே கழற்றி வாழையிலையில் வைத்தேன். மூன்று விசிறிக்கும் நடுவில் சந்தனம், அதன் மேல் குங்குமம். அடியில் ஸ்லாட்டில் செருகுகிற தங்கப் பல் வரிசை இருக்கிறதே, அது அத்தனை அழகு. அதற்கும் ஒரு கோடு இழுத்தேன். கற்பூரம் காட்டினேன். "பதினெட்டாம் தேதி அவன் மூக்கை உடைக்க வேண்டும்" என்று வாய்விட்டுச் சொல்லியே கும்பிட்டேன். அரை மணி நேரம் காயவிட்டு, விசிறிப் பொட்டுகளைத் துடைத்துவிட்டுத்தான் திரும்ப மாட்டினேன். நான் ஒன்றும் விவரம் தெரியாதவள் இல்லை.

அக்டோபர் 3, வெள்ளி

பயிற்சி ஆட்டத்தில் திரை உறைந்தது. சத்தம் மட்டும் ட்ர்ர்ர் என்று ஒரே இடத்தில் அரைத்தது. பட்டனை அமுக்கி அணைத்துத் திரும்பப் போட்டேன், சரியாகிவிட்டது.

திருச்சிக்கு நாற்பது பாக்கெட், சேலத்துக்கு நூறு. லேபிள் ஒட்டிக் கை பிசுபிசுக்கிறது.

அக்டோபர் 4, சனி

இன்று மூன்று தடவை. டிரைவரை அடியோடு நீக்கிவிட்டுப் புதிதாகப் போட்டேன். ஒரு மணி நேரம் நன்றாக ஓடியது. அப்பாடா என்று தண்ணீர் குடித்துவிட்டு வந்தால், திரை கறுப்பு. உள்ளே விசிறி மட்டும் மிக்ஸி மாதிரி இரைகிறது.

கேஸ் சிலிண்டர் சொல்ல வேண்டும்.

அக்டோபர் 5, ஞாயிறு

சூடாக இருக்குமோ என்று பார்த்தேன். அறுபத்தெட்டு டிகிரி. அது காய்ச்சலே இல்லை. மின்சாரமாக இருக்குமோ என்று ஸ்டெபிலைசரை விட்டுவிட்டுச் சுவரிலேயே நேராகச் செருகினேன். அப்படியும் நின்றது. ரேம் இரண்டையும் ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டிப் பார்த்தேன். நின்றது. அணியில் மற்ற நாலு பேரும் "அக்கா, பதினெட்டாம் தேதிக்குள்ள சரியாயிரும்லா?" என்று மாற்றி மாற்றிக் கேட்கிறார்கள். ஆகும் என்றேன்.

அக்டோபர் 6, திங்கள்

ராத்திரி முழுக்க யோசித்துக் காலையில் பிடித்துவிட்டேன். இந்தக் கார்டு எங்கே வாங்கினது? ஆகஸ்டில், நாயகத்தின் கடையில். ஊரில் வேறு கடை இல்லையென்று என் வீட்டுக்காரர்தான் போய் வாங்கி வந்தார். "கட வேற, விளையாட்டு வேற" என்று எனக்குப் பாடம் வேறு நடத்தினார். விளையாட்டு வேறாம்! என்னோடு மோதப் போகிறவன் என் கையில் துப்பாக்கியைக் கொடுத்திருக்கிறான். நல்ல துப்பாக்கியாகவா கொடுப்பான்?

பிட்காயின் என்று கம்ப்யூட்டரில் காசு தோண்டுகிறவர்கள் இரவு பகலாக ஓட்டி வேக வைத்த கார்டுகள் இருக்கின்றன. அதைத் துடைத்துப் புதுப் பெட்டியில் போட்டுத் தலையில் கட்டியிருக்கிறான். வேறென்ன.

மத்தியானம் சாப்பிடும்போது வீட்டுக்காரர் சொன்னார்.

"அதக் கழட்டி ஒரு தடவ தொடச்சுட்டு மாட்டிப் பாரேன்."

"தொட மாட்டேன். அதுதாங்க சாட்சி. நான் கை வச்சேன்னா நீதான் கெடுத்தன்னு சொல்லிருவான்."

"ஏற்கெனவே ஒருக்க..."

"ரசம் ஊத்தட்டுமா?" என்றேன்.

ஒன்று மட்டும் இங்கே எழுதி வைக்கிறேன். வாங்கினதிலிருந்து நான் அந்தக் கார்டில் கை வைத்ததில்லை. பூசை கணக்கில் வராது. அது சாமி காரியம்.

அக்டோபர் 7, செவ்வாய்

விண்டோஸையே அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். மூன்று மணி நேர வேலை. போட்டு முடித்து ஆடினால் இருபதாவது நிமிடம் உறைந்தது.

விண்டோஸை அழித்ததில் வீட்டுக்காரரின் தீபாவளி லேபிள் வடிவங்கள் எல்லாம் சேர்ந்து போய்விட்டன. அதை எடுத்து வைக்க மறந்துவிட்டேன். அவர் பழைய பாக்கெட் ஒன்றை எடுத்து வந்து மேசையில் வைத்து, "இதப் பாத்து வரைஞ்சிரு" என்றார். அதற்கும் நாயகம்தான் பதில் சொல்ல வேண்டும்.

அக்டோபர் 9, வியாழன்

வீடியோ எடுத்தேன். ஆட்டம் ஓடுகிறது, உறைகிறது, கறுப்பாகிறது. பக்கத்தில் அவன் கடை பில்லையும் பிடித்துக் காட்டினேன். குரூப்பில் போட்டேன். நானூற்றுப் பன்னிரண்டு பேர். கீழே இப்படி எழுதினேன்: "வெந்த கார்டைத் துடைத்துப் புதுசு என்று விற்கிறான் நாயகம். இறுதி ஆட்டத்தில் என்னை ஆடவிடாமல் செய்யத்தான் இந்த வேலை. இவனிடம் வாங்கியவர்கள் எல்லோரும் சோதித்துக்கொள்ளுங்கள்."

அனுப்பிவிட்டுக் கீழே போய் இட்லிக்கு அரைத்தேன். அரைக்கும்போது போன் இடுப்பில் துடித்துக்கொண்டே இருந்தது. இரண்டு வருடத்தில் இத்தனை நன்றாக நான் மாவு அரைத்ததில்லை.

அக்டோபர் 10, வெள்ளி

அவனிடமிருந்து பதினோரு அழைப்பு. ஒன்றையும் எடுக்கவில்லை. விளாத்திகுளத்துக்காரர் ஒருவர் தீபாவளிக்குச் சொல்லி வைத்திருந்த கம்ப்யூட்டரை வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். எட்டயபுரத்தில் இரண்டு பேர் அதே மாதிரியாம். எனக்குத் தெரிந்தவரை யாருடைய கார்டும் கெடவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் இப்போது சந்தேகம்.

வீட்டுக்காரர் மிட்டாய்த் தட்டை வெட்டிக்கொண்டே கேட்டார்.

"நல்லாத் தெரிஞ்சுதான போட்ட?"

"தெரியாமப் போடுவேனா?"

அவர் கத்தியைத் துடைத்துவிட்டு அடுத்த தட்டுக்குப் போனார்.

அக்டோபர் 12, ஞாயிறு

நாளைக்கு மெசினோடு கடைக்கு வரச் சொல்லி நாயகம் குரூப்பில் எழுதியிருக்கிறான். எல்லோர் முன்னாலும் பார்த்துவிடலாமாம். வருகிறேன் என்று எழுதினேன். எனக்கென்ன பயம்.

அக்டோபர் 13, திங்கள்

இன்றைக்கு நடந்ததை ஒன்று விடாமல் எழுத வேண்டும்.

பதினோரு மணி. வீட்டுக்காரர் ஸ்கூட்டரை ஓட்ட, கால் வைக்கிற இடத்தில் கேபினட், பின்னால் நான். கடை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே. குரூப்பிலிருந்து ஆறேழு பேர் போன் கேமராவும் கையுமாக நின்றார்கள். நாயகம் சவரம் செய்திருக்கவில்லை. அதைப் பார்க்கத் திருப்தியாக இருந்தது.

"வா வல்லி" என்றான். பழைய மாதிரி. நான் "அண்ணே" என்று சொல்லவில்லை. அந்தச் சொல்லை அவனுக்கு நான் நிறுத்தி இரண்டு வருடமாகிறது.

மெசினைப் போட்டு ஆட்டத்தை ஓட்டினான். பன்னிரண்டாவது நிமிடம், நான் சொன்ன மாதிரியே, திரை உறைந்தது. கூட்டம் "பாத்தியா" என்றது. அவன் முகம் சுருங்கியது.

"கார்டக் கழட்டுனியா?"

"இல்ல."

"ஒரு தடவ கூட?"

"வாங்குனதுல இருந்து கையே வைக்கல."

என் வீட்டுக்காரர் திரும்பித் தெருவில் போகிற பஸ்ஸைப் பார்த்தார்.

அப்போது பின்னால் நின்ற ஒருவன், "வெந்த கார்டுதானா நாயகம்? ஒத்துக்கிட்டுப் போயிரும்" என்றான். அதோடு நாயகத்துக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது.

"ஏல, இங்க பாரு. இந்தக் கார்டும் என் சொந்த மெசினுல இருக்க கார்டும் ஒரே நாள்ல ஒரே அட்டப்பெட்டில வந்தது. எங்கார்ட இவளுக்குப் போடுதேன். இவ கார்ட எனக்குப் போடுதேன். சனிக்கெழம இறுதி ஆட்டத்த நான் இதுலதான் ஆடுவேன். நான் வித்த சரக்கு நின்னு பேசுதா இல்லையான்னு நானூறு பேரும் பாருங்க."

சொல்லிக்கொண்டே என் கார்டை உருவி எடுத்தான். அவனோடு மூன்று வருடம் ஆடியிருக்கிறேன், அவன் வழக்கம் எனக்குத் தெரியும். எந்தக் கார்டைக் கழற்றினாலும் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ரப்பரை எடுத்து அந்தத் தங்கப் பல்லை நாலு இழுப்பு இழுத்துவிட்டுத்தான் மாட்டுவான். சட்டைப் பையில் எப்போதும் அந்த ரப்பர் இருக்கும். இன்றும் இருந்தது, பார்த்தேன். ஆனால் இன்று அவன் கண் முழுக்க எங்கள் முகங்களில்தான் இருந்தது. எடுத்த வேகத்தில் தன் மெசினில் செருகித் திருகிவிட்டு, தன் கார்டை எனக்கு மாட்டினான்.

செருகுவதற்கு முன் ஒரு கணம் கார்டு என் பக்கம் திரும்பியது. பல் வரிசையில் மஞ்சளாக ஏதோ தெரிந்தது. கடை டியூப்லைட் அப்படித்தான், எதையும் மஞ்சளாகக் காட்டும்.

நான்தான் சொன்னேன்: "நாளைக்கு ராவோட ராவா வேற கார்டு மாத்த மாட்டீங்கன்னு என்ன நிச்சயம்? சீலு வைங்க."

அவன் கேபினட்டின் இரண்டு பக்கமும் வெள்ளை டேப் ஒட்டி ஆறு பேர் கையெழுத்துப் போட்டார்கள். ஏழாவது கையெழுத்து என்னுடையது. ஆட்டம் முடியும்வரை திறக்கக் கூடாது என்று பேச்சு. திறந்தால் தோல்வி.

வரும்போது மழை. என் கேபினட்டை மடியில் வைத்துச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு வந்தேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

காலை ஆறு முதல் பன்னிரண்டு வரை ஓட்டினேன். ஒரு தடவை கூட நிற்கவில்லை. ஆகவே கெட்டது அந்தக் கார்டுதான் என்று நிரூபணமாகிவிட்டது. நான் சொன்னதெல்லாம் சரி. இனி யோசிக்க ஒன்றுமில்லை.

அக்டோபர் 15, புதன்

பூசைச் சாமான்களை விளக்கினேன். சந்தனக் கிண்ணத்தின் அடியில் காய்ந்தது எளிதில் போகவில்லை. நகத்தால் சுரண்ட வேண்டியிருந்தது. ஈரமாக இருக்கும்போது மெத்தென்று இருக்கிறது, காய்ந்தால் சிமெண்டு. சந்தனம் மரம்தானே. மரத்தின் வழியாக மின்சாரம் போகாது. போகாவிட்டால் பல்லுக்கும் ஸ்லாட்டுக்கும் நடுவே...

சேலத்துக்கு இன்னும் அறுபது பாக்கெட் கேட்கிறார்கள். லேபிள் வேலை கிடக்கிறது.

அக்டோபர் 16, வியாழன்

அவனிடமிருந்து அழைப்பு. இந்தத் தடவை எடுத்தேன். என்ன சொல்கிறான் என்று கேட்கும் ஆசை.

"வல்லி, நேத்து ரெண்டு தடவ நின்னுருச்சு. இன்னைக்கும் ஒருக்க. சீல ஒரே ஒரு தடவ ஒடைச்சுக்கிடுதேன். நீயும் வா, ஒன் கண்ணு முன்னாடியே தொறக்கேன். பாத்துட்டுத் திருப்பி ஒட்டிருவோம்."

"ஏன், வெந்த கார்டுன்னு இப்ப தெரியுதோ?"

"கார்டு நல்ல கார்டு. மாட்டுனதுல ஏதோ கோளாறு. அன்னைக்கு அவசரத்துல பல்லக் கூடத் தொடைக்கல நான்."

"தொடைச்சாச் சரியாயிரும்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாய்வரை வந்தது. திருநெல்வேலி மண்டபமும் வந்தது. அத்தனை பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததும், நான் என் கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு படியிறங்கியதும் வந்தது.

"பேச்சு மாறக் கூடாது" என்றேன். வைத்துவிட்டேன்.

அக்டோபர் 17, வெள்ளி

நாள் முழுக்க மழை. கொரியர் வண்டி வரவில்லை. பார்சல் கூடத்தில் மலைபோல் கிடக்கிறது. அதன் நடுவில் உட்கார்ந்து வீட்டுக்காரர் டீ குடித்துக்கொண்டே சொன்னார்.

"அன்னைக்குக் கடையில அந்தக் கார்டுப் பல்லுல என்னமோ பூசுன மாதிரி இருந்துச்சே."

"லைட்டு வெளிச்சம்ங்க."

"நான்தான சந்தனம் அரைச்சுக் குடுத்தேன் வல்லி."

நான் டேப் ஒட்டிக்கொண்டிருந்தேன். பல்லால் டேப்பைக் கடித்து அறுத்தேன்.

"அவன் என்னயப் பாத்துச் சிரிச்சப்ப நீங்க அங்க இல்ல" என்றேன்.

"இல்லதான்" என்றார். டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அக்டோபர் 18, சனி

ஜெயித்துவிட்டேன்.

மூன்று மணிக்கு ஆன்லைனில், அவரவர் இடத்திலிருந்தே ஆரம்பித்தது. முன்னூறு பேருக்கு மேல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் அணி நன்றாக ஆடியது. அவனும் நன்றாக ஆடினான், அதை மறைக்க மாட்டேன். நடுவில் ஒரு முறை அவன் ஆள் அசையாமல் நின்று, பிறகு ஓடியது. யாரும் கவனிக்கவில்லை, எனக்குத் தெரிந்தது. கடைசிச் சுற்றுக்கு வரும்போது இரண்டு அணியும் சமம். எங்கள் பக்கம் நான் ஒருத்தி மிச்சம், அந்தப் பக்கம் அவன் ஒருவன்.

ஒரு கிடங்கின் மூலையைத் திரும்பினேன். எதிரே, வெட்டவெளியில், நட்டநடுவில் அவன் நின்றான். துப்பாக்கி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒளிந்து நிற்பதற்கும் உறைந்து நிற்பதற்கும் வித்தியாசம் எனக்குத் தெரியும். இந்த உலகத்தில் வேறு யாரையும்விட எனக்கு நன்றாகத் தெரியும்.

எண்ணினேன். ஒன்று. இரண்டு. மூன்று. அவன் அசையவில்லை. நான்காவதில் சுட்டேன்.

அணிப் பிள்ளைகள் கத்தின கத்தில் ஹெட்போன் அதிர்ந்தது. நானும் கத்தினேன். மேசையைத் தட்டினேன். சந்தோசம்தான். பொய் சொல்ல மாட்டேன், அப்படி ஒரு சந்தோசம்.

அவன் குரல் பொது மைக்கில் வந்தது. "ஸ்கிரீன் நின்னுபோச்சு. எனக்கு ஸ்கிரீன் நின்னுபோச்சுப்பா."

யார் முதலில் போட்டது என்று தெரியவில்லை. குரூப்பில் அந்த நடுங்குகிற கை ஸ்டிக்கர் வந்தது. பிறகு இன்னொன்று. பிறகு வரிசையாக. "மெசினுல ஒண்ணுமில்ல, நாயகத்துக்குக் கை நடுங்கிருச்சு" என்று ஒருவன் எழுதினான். வார்த்தைக்கு வார்த்தை அதே.

இரண்டு வருடமாக நான் கேட்டது இதுதான். அப்படியே கிடைத்திருக்கிறது.

அக்டோபர் 19, ஞாயிறு

அதிரசமும் முறுக்கும் சுட்டேன். இரண்டு முறுக்கு கருகிவிட்டது. குரூப்பில் அந்தக் கை இன்னும் நிற்கவில்லை. நாயகத்தின் கடைப் பெயர்ப் பலகையைப் படமெடுத்து அதன் மேல் அந்தக் கையை ஒட்டியிருக்கிறார்கள். அவனிடம் மெசின் சொல்லியிருந்தவர்களில் இன்னும் நாலு பேர் வேண்டாம் என்றுவிட்டார்களாம்.

என்னை எல்லோரும் புகழ்கிறார்கள். யாருக்கும் பதில் எழுதவில்லை. எண்ணெய்க் கை.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

எண்ணெய்க் குளியல் முடிந்து இட்லி வைத்துக்கொண்டிருந்தேன். பத்து மணி இருக்கும். வாசலில் பைக் சத்தம். நாயகம். புதுச் சட்டைகூட இல்லை. கையில் ஒரு பை.

வீட்டுக்காரர், "வாங்க நாயகம், சாப்பிடுங்க" என்றார். "இருக்கட்டும்ண்ணாச்சி" என்று நின்றபடியே பையிலிருந்து என் கார்டை எடுத்து மேசையில் வைத்தான். பல் வரிசை பளபளவென்று இருந்தது. பக்கத்தில் அவன் ரப்பரை வைத்தான். வெள்ளை ரப்பர். ஒரு மூலை முழுக்க மஞ்சள்.

"ஆயுத பூசைக்கு வச்சியா?"

"ஆமா."

"எல்லாரும் வைக்கதுதான். நானும் வைப்பேன். கேபினட்டுக்கு வெளிய வைப்பேன்." குரலில் கோபமே இல்லை, அது எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. "கடையில நான் கழட்டும்போதே பாத்துட்டியா?"

பொய் சொல்லியிருக்கலாம். ரப்பர் அங்கே கிடந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"பாத்தேன்."

"வியாழக்கெழம நான் போன் பண்ணும்போது?"

"தெரியும்."

அவன் தலையாட்டினான். "சீல நேத்து நான் தனியா இருந்துதான் ஒடைச்சேன். இதப் படம் எடுத்துப் போட்டா, நீயே பூசிட்டுக் காட்டுதன்னு சொல்லுவானுவ. நீ சொன்னாத்தான் உண்டு."

"நான் ஏன் சொல்லணும்? அன்னைக்கு நான் மெசினு நின்னுச்சுன்னு சொன்னப்ப நீங்க என்ன செஞ்சீங்க?"

வெளியே எங்கோ சரவெடி வெடித்து ஓய்ந்தது.

"அந்த மண்டபத்துல இருந்த பத்து மெசினும் நான் கோத்தது. கட தொறந்து மூணு மாசம். ஒனக்குக் குடுத்த மெசினு அன்னைக்குக் காலையிலயே ரெண்டு தடவ நின்னுச்சு. சரியாயிரும்னு விட்டுட்டேன்." என் முகத்தைப் பார்க்காமல் கார்டைப் பார்த்தே சொன்னான். "ஒன் ஸ்கிரீனு நின்னத நான் பாத்தேன் வல்லி. ஒனக்குப் பின்னாடிதான் நின்னேன்."

இரண்டு வருடமாக இவன் கண்ணில்லாதவன், அகம்பாவக்காரன் என்று நினைத்துக் கறுவிக்கொண்டிருக்கிறேன். தெரியாமல் சொன்னான் என்றே நினைத்திருந்தேன். தெரிந்தே சொல்லியிருக்கிறான். கையில் இருந்த இட்லித் தட்டை அவன் மேல் எறிந்திருப்பேன். ஏன் எறியவில்லை என்றால், நானும் தெரிந்தேதான் சுட்டேன்.

"அதக் குரூப்புல சொல்லுங்க" என்றேன்.

"சொல்லுதேன். நீ ஒன்னோடதச் சொல்லு."

"நீங்க மொதல்ல."

"நீ மொதல்ல."

"ரெண்டு வருசத்துக்கு முன்னாடி நடந்தது. நீங்கதான் மொதல்ல."

"நேத்து நாலு பேரு எங்கிட்ட மெசினு வேண்டாம்னுட்டாங்க. நீதான் மொதல்ல."

அப்படியே நின்றோம். வீட்டுக்காரர் உள்ளே போய் ஒரு கடலை மிட்டாய்ப் பாக்கெட்டை எடுத்து வந்து அவன் பையில் போட்டார். "நாளும் கிழமையுமாச் சண்ட வேண்டாம். ரெண்டு பேரும் யோசிச்சுச் செய்ங்க" என்றார். அவன் திரும்பினான். "வாரேன்" என்றான். "சரிண்ணே" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. பழக்க தோசம்.

ரப்பரை எடுத்துப் போக மறந்துவிட்டான். அல்லது மறக்கவில்லை.

மாலை 4 மணி

மத்தியானத்திலிருந்து மாடியறையில் உட்கார்ந்திருக்கிறேன். எழுதி எழுதி அழித்துவிட்டு இப்போது இவ்வளவுதான் மிஞ்சியிருக்கிறது:

"நாயகம் விற்ற கார்டு நல்ல கார்டு. ஆயுத பூசைக்கு நான் அதைக் கழற்றிப் பல்லில் சந்தனம் பூசினேன். அதனால்தான் நின்றது. கையே வைக்கவில்லை என்று பொய் சொன்னேன். கடையிலேயே சந்தனத்தைப் பார்த்தேன், சொல்லவில்லை. சனிக்கிழமை அவர் கை நடுங்கவில்லை. திரை நின்றது. நின்றது தெரிந்துதான் சுட்டேன். கோப்பை எனக்கு வேண்டாம். துடைத்த கார்டோடு வரட்டும், மறுபடி ஆடுகிறேன். அப்போது பார்க்கிறேன்."

கடைசி வரியை எடுத்துவிடலாமா என்று பார்த்தேன். எடுக்கவில்லை.

அனுப்ப விரல் போகவில்லை. அனுப்பினால் அந்த நடுங்குகிற கை திரும்ப எனக்கே வரும். இந்தத் தடவை அதற்கு நியாயமும் இருக்கும்.

அப்போது திரையின் மேலே பார்த்தேன். 'நாயகம் தட்டச்சு செய்கிறார்' என்று வந்தது. நின்றது. மறுபடி வந்தது. நின்றது. அங்கே கடையில் உட்கார்ந்து அவனும் எழுதி அழித்துக்கொண்டிருக்கிறான். மறுபடி வந்தது. இந்தத் தடவை நிற்கவில்லை.

முந்திவிடுவான் என்று தோன்றியது. எல்லோரும் என்ன சொல்வார்கள்? நாயகம்தான் பெரிய மனசோடு முதலில் ஒத்துக்கொண்டார், பிறகுதான் அவள் வேறு வழியில்லாமல் சொன்னாள் என்பார்கள். இதிலும் அவனா?

அமுக்கிவிட்டேன்.

அடுத்த மூச்சு விடுவதற்குள் அவனுடையது வந்து விழுந்தது. "திருநெல்வேலியில வல்லிக்குக் கை நடுங்கல. மெசின்தான் நின்னுச்சு. நான் கோத்த மெசின். எனக்கு அன்னைக்கே தெரியும். மன்னிச்சிரு வல்லி."

அழுதேன். இரண்டு வருடத்துக்கும் சேர்த்து அழுதேன். கீழேயிருந்து வீட்டுக்காரர் "என்னாச்சு" என்று கேட்டார். ஒன்றுமில்லை, வருகிறேன் என்றேன்.

நானூற்றுப் பன்னிரண்டு பேரில் ஒருவர்கூட இன்னும் ஒன்றும் எழுதவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு நேரத்தைப் பார்த்தேன். என்னுடையது 4.12. அவனுடையதும் 4.12.

ஆனால் என்னுடையதுதான் மேலே இருக்கிறது.